பல்புலன் கட்டிடக்கலை

பல்புலன் கட்டிடக்கலை என்பது, ஒரு கட்டிடத்தைக் கண்ணுக்குத் தோன்றும் வடிவமாக மட்டும் கருதாது, அதைப் பயன்படுத்துவோரின் செவி, தோல், மூக்கு, உடலசைவு ஆகிய எல்லாவற்றையும் கருத்தில் கொண்டு வடிவமைக்கும் அணுகுமுறை ஆகும். இது கோதிக், பரோக் என்பன போன்ற ஒரு கட்டிடக்கலைப் பாணி அன்று. இதற்கெனத் தனியான வடிவங்களோ அலங்காரங்களோ கிடையா. ஒரே பாணியில் அமைந்த இரண்டு கட்டிடங்களுள் ஒன்று இவ்வணுகுமுறையைத் தழுவியதாகவும், மற்றது அவ்வாறு அல்லாததாகவும் இருக்கக்கூடும்.

எந்தக் கட்டிடத்துக்கும் ஓர் ஒலித்தன்மை உண்டு, வெப்பநிலை உண்டு, மணம் உண்டு. வடிவமைப்பவர் இவற்றைப் பற்றி எண்ணிப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இவை அமைந்தே தீரும். தரைக்குக் கருங்கல் என்று வரைபடத்தில் குறிக்கும்போதே, அவ்வறையில் காலடி ஓசை எவ்வாறு கேட்கும், வெறுங்காலுக்கு அத்தரை எப்படி இருக்கும், மழைக்காலத்தில் வழுக்குமா என்பன எல்லாம் முடிவாகிவிடுகின்றன. ஆகவே, பல்புலன் கட்டிடக்கலை ஒரு கட்டிடத்துடன் புதிதாக எதையும் சேர்ப்பதைக் குறிப்பதில்லை. ஏற்கெனவே எடுக்கப்பட்டுவரும் முடிவுகளை அறிந்து எடுப்பதையே அது குறிக்கிறது.

புலன்கள்

பொதுவாகப் புலன்கள் ஐந்து எனக் கூறுவது வழக்கம். கிரேக்க மெய்யியலாளரான அரிஸ்டாட்டில் பார்வைக்கு உயர்ந்த இடம் கொடுத்தார். தமிழில் தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வகைப்படுத்தும்போது, தொட்டு அறிவதை முதலாவதாகவும், அதன் பின்னர் முறையே சுவை, மணம், பார்வை, செவிப்புலன், மனம் ஆகியவற்றையும் வைக்கிறது. புல்லும் மரமும் தொடு அறிவு மட்டும் உடையவை என்பது அதன் கருத்து. தொடுகையே பிற புலன்களுக்கு அடிப்படை என்று 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிடக்கலைக் கோட்பாட்டாளர்கள் எழுதியதுடன் இவ்வரிசை பெரிதும் ஒத்துப்போவது கவனிக்கத்தக்கது.

உடலியங்கியல் ஐந்துக்கும் மேற்பட்ட புலன்களைக் காட்டுகிறது. காதின் உட்பகுதியில் உள்ள உறுப்புகள் உடலின் சமநிலையை உணர்த்துகின்றன. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணரிகள், கண்ணை மூடியிருக்கும்போதும் கை கால்கள் எங்கே இருக்கின்றன என்பதை அறியத் தருகின்றன. தோலில் அழுத்தம், வெப்பம், குளிர், வலி ஆகியவற்றுக்குத் தனித்தனியான உணரிகள் உள்ளன. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் 1966 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், புலன்களைத் தனித்தனி வாயில்களாகக் கொள்ளாமல், சூழலைத் தேடி அறியும் ஐந்து தொகுதிகளாக விளக்கினார். உடலின் நிலையை உணர்தல், கேட்டல், தொட்டறிதல், சுவைத்தலும் முகர்தலும், பார்த்தல் என்பன அவை. கட்டிடங்களைப் பற்றிப் பேசுவதற்கு இப்பகுப்பு மிகவும் பொருந்துகிறது. ஒருவர் படியேறும்போது, கண்ணும் காலும் கைப்பிடியைப் பற்றிய கையும் காதும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

பார்வையின் முதன்மை

கட்டிடக்கலை கண்ணின் கலையாகச் சுருங்கியதற்கு அதன் தொழிற்கருவியே ஒரு காரணம். கட்டிடம் எழும்புமுன் அது தாளில் எழும்பவேண்டும். 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் புரூனெலெசுக்கி இயலுறு தோற்ற வரைமுறையைச் செய்துகாட்டினார். 1435 இல் ஆல்பர்ட்டி அதற்கு எழுத்து வடிவம் தந்தார். இதனால் இன்னும் கட்டப்படாத ஒரு கட்டிடத்தை முன்கூட்டியே பார்க்க முடிந்தது. முன்கூட்டியே கேட்கவோ தொடவோ அக்காலத்தில் வழி இருக்கவில்லை. பின்னர் ஒளிப்படமும் அச்சு இதழ்களும் வந்தன. ஒரு கட்டிடம் புகழ்பெறுவதற்கு அதை நேரில் சென்று காணவேண்டிய தேவை அற்றுப்போயிற்று. கணினித் திரையில் உருவாக்கப்படும் படங்கள் இப்போக்கை மேலும் வலுப்படுத்தியுள்ளன.

இதற்கு எதிரான குரல்களுள் முக்கியமானது டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீன் ஐலர் ராஸ்முசன் (1898–1990) என்பவருடையது. கட்டிடக்கலையை அனுபவித்தல் பற்றி இவர் எழுதிய நூல் டேனிய மொழியில் 1957 இலும் ஆங்கிலத்தில் 1959 இலும் வெளிவந்தது. ஒளி, நிறம், தாளம், பொருட்களின் மேற்பரப்பு என்று விரியும் இந்நூலின் இறுதி இயல், கட்டிடத்தைக் கேட்பது பற்றியது. ரோம் நகரிலுள்ள சாந்தா மரியா மச்சோரே தேவாலயத்தின் பின்புறப் படிகளில் சிறுவர்கள் சுவரில் பந்தை அடித்து விளையாடியதை அவர் இந்நூலில் விவரிக்கிறார். அவ்விடத்துக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போய்விட்டனர். சுவரின் வளைவையும், கல்லின் கடினத்தையும், படியின் உயரத்தையும் சிறுவர்கள் தங்கள் உடலால் அறிந்துகொண்டனர் என்பது அவர் கண்ட வேறுபாடு.

1936 இல் பிறந்த பின்லாந்துக் கட்டிடக்கலைஞரான யுஹானி பல்லாஸ்மா, தோலின் கண்கள் எனப் பொருள்படும் தலைப்பிலான சிறு நூலை 1996 இல் வெளியிட்டார். இன்று உலகின் பல கட்டிடக்கலைக் கல்லூரிகளில் இது மாணவர்கள் படிக்கும் நூலாக உள்ளது. பார்வையை முதன்மைப்படுத்தும் கட்டிடங்கள் பார்ப்பவரை வெளியே நிறுத்தி வைக்கின்றன. பிற புலன்களே அவரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன என்பது இவரது வாதத்தின் சாரம். இதில் சற்று மிகை உண்டு. கண்ணும் தொடாமலே தொடக்கூடியது. சொரசொரப்பான சுவரைப் பார்த்தவுடன் அதன் சொரசொரப்பு கைக்குத் தெரிந்துவிடுகிறது. இதைப் பல்லாஸ்மாவும் ஏற்றுக்கொள்கிறார்.

ஒலி

பார்வை தவிர்ந்த புலன்களுள் கணக்கிட்டு வடிவமைக்கக்கூடிய நிலையை முதலில் எட்டியது செவிப்புலனே. 1895 இல் அமெரிக்காவின் ஆர்வார்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதன் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் விளங்கவில்லை. எழுப்பிய ஒலி அடங்குவதற்கு அங்கே ஏறத்தாழ ஐந்தரை விநாடிகள் ஆயின. ஒரு சொல் மறையுமுன்னரே அடுத்த பத்துப் பன்னிரண்டு சொற்கள் அதன்மேல் வந்து குவிந்தன. இதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலசு சபைன் என்னும் இளம் இயற்பியலாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் எடுத்துவந்து மண்டபத்தில் பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்க ஆகும் நேரத்தை அவர் அளந்தார். நகரம் உறங்கும் நேரத்தில்தான் இவ்வளவீடுகளைச் செய்ய முடிந்தது. மெத்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பல இரவுகள் அளந்தபின் அவருக்கு ஒரு தொடர்பு கிடைத்தது.

அத்தொடர்பு எளிமையானது. ஒலி அடங்கும் நேரம், அதாவது முழக்க நேரம், அறையின் கன அளவுக்கு நேர்விகிதத்திலும், அறையில் உள்ள ஒலி உறிஞ்சுதலின் அளவுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். கன அளவைக் கன மீட்டரிலும், உறிஞ்சுதலைச் சதுர மீட்டரிலும் கொண்டால், கன அளவை 0.161 ஆல் பெருக்கி உறிஞ்சுதலால் வகுக்க முழக்க நேரம் விநாடியில் கிடைக்கும். உறிஞ்சுதலுக்குச் சபைன் எடுத்துக்கொண்ட அலகு திறந்த சாளரம் ஆகும். அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை என்பதால், ஒரு சதுர மீட்டர் திறந்த சாளரம் ஒரு சதுர மீட்டர் முழு உறிஞ்சுதலுக்குச் சமம்.

எடுத்துக்காட்டாக, 8 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு வகுப்பறையைக் கருதலாம். இதன் கன அளவு 144 கன மீட்டர். உட்பரப்பு 180 சதுர மீட்டர். சுவர், தரை, கூரை யாவும் சீமெந்துப் பூச்சும் ஓடுமாக இருந்தால் அவை தம்மேல் விழும் ஒலியில் 3 விழுக்காடு அளவையே உறிஞ்சும் எனக் கொள்வோம். மொத்த உறிஞ்சுதல் 5.4, முழக்க நேரம் நான்கு விநாடிகளுக்கும் மேல். 4 சதுர மீட்டர் சாளரங்களைத் திறந்துவிட்டால் அது இரண்டரை விநாடியாகக் குறைகிறது. 30 மாணவர்கள் உள்ளே வந்து அமர்ந்தால், ஒருவர் 0.4 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவதாகக் கொள்ள, ஏறத்தாழ 1.1 விநாடி ஆகிறது. கூரைக்கு மட்டும் ஒலியில் 60 விழுக்காட்டை உறிஞ்சும் பலகை பொருத்தினால் அரை விநாடிக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். இவ்வளவிலான வகுப்பறைகளுக்கு, ஆள் இல்லாத நிலையில், முழக்க நேரம் 0.6 விநாடிக்கு மேற்படலாகாது என 2002 இல் வெளியான அமெரிக்கத் தரநிலை கூறுகிறது. வெறும் சீமெந்து வகுப்பறைகளில் ஆசிரியர்கள் தொண்டை கட்டிப்போவதற்கும், பின் வரிசை மாணவர்கள் கவனம் இழப்பதற்கும் உள்ள காரணங்களுள் இதுவும் ஒன்று. செவித்திறன் குறைந்த குழந்தைக்கும், வீட்டில் பேசாத மொழியில் பாடம் கேட்கும் குழந்தைக்கும் இழப்பு இன்னும் கூடுதலாகிறது.

சபைனின் கணக்கீட்டைப் பயன்படுத்தி வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. பேச்சுக்கு ஒவ்வாத முழக்கம் இசைக்கு வேண்டியதாக இருப்பதால், எல்லா அறைகளுக்கும் பொருந்தும் ஒரே நல்ல முழக்க நேரம் என்று எதுவும் இல்லை.

தொடுகையும் வெப்பமும்

ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் நெடுநேரம் இருந்த மரக் கைப்பிடியையும் எஃகுக் கைப்பிடியையும் தொட்டால் எஃகு குளிர்ந்திருப்பதாகத் தோன்றும். தோல் உண்மையில் உணர்வது பொருளின் வெப்பநிலையை அன்று; தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்பதையே அது உணர்கிறது. மரத்தின் வெப்பக் கடத்துதிறன் 0.1 முதல் 0.2 வரையிலான அளவினது; கருங்கல்லுக்கு இது 2 முதல் 3 வரை; எஃகுக்கு ஏறத்தாழ 50; அலுமினியத்துக்கு 200 க்கும் மேல். பொருளின் அடர்த்தியும் வெப்பக் கொள்ளளவும் இதில் பங்கு கொள்கின்றன. குளிர்நாடுகளில் எஃகுக் கைப்பிடி விரலை உறையச் செய்கிறது. வெப்ப நாடுகளில் வெயிலில் நிற்கும் அதே கைப்பிடி பிடிக்க முடியாதபடி சுடுகிறது. துருப்பிடிக்காத எஃகு பராமரிப்புக்கு எளிது என்பதால், முதியோர் பிடித்து ஏறவேண்டிய திறந்தவெளிப் படிகளிலும் அதையே பொருத்திவிடுகின்றனர். நண்பகலில் அக்கைப்பிடி இருந்தும் இல்லாதது போன்றதே.

பின்லாந்தின் ஆல்வார் ஆல்ட்டோ (1898–1976) கை படும் இடங்களில் தனிக் கவனம் செலுத்தியவர். உலோகக் கைப்பிடிகளைத் தோல் வாரினால் சுற்றுவித்தார். 1939 இல் நிறைவுற்ற வில்லா மைரேயா என்னும் வீட்டின் வரவேற்பறையில் எஃகுத் தூண்களுக்குப் பிரம்பு சுற்றப்பட்டுள்ளது. 1952 இல் முடிவுற்ற செய்னெட்சாலோ நகர மண்டபத்தில், அவைக்குச் செல்லும் படிகளும் நடைவழியும் செங்கல்லால் ஆனவை. அவை கூடும் அறையில் காலடி வைத்ததும் தரை மரமாகிறது. செங்கல்லில் உரசிய காலடியின் ஓசை அங்கே மாறுகிறது. தரை சற்றே நெகிழ்ந்து கொடுக்கிறது. முக்கியமான இடம் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டோம் என்பதை எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல் கால்கள் அறிந்துகொள்கின்றன.

வெப்பம் பற்றிய தனி நூல் ஒன்றை லிசா ஹெசோங் என்பவர் 1979 இல் வெளியிட்டார். எங்கும் எப்போதும் ஒரே வெப்பநிலையைத் தரும் இயந்திர வசதி, வெப்பத்தால் பெறும் இன்பத்தை இல்லாமலாக்குகிறது என்பது அவர் கருத்து. குளிர்காலத்துக் கணப்பு அடுப்பு, வெந்நீராவிக் குளியல், வறண்ட நாட்டுத் தோட்டத்தின் நீரூற்று ஆகியவை அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். வெயிலில் நடந்து வந்தவருக்கே திண்ணை நிழலின் அருமை தெரியும். காற்றோட்டம் உள்ள கட்டிடங்களில், சாளரத்தைத் தாமே திறந்து மூடக்கூடியவர்கள், குளிரூட்டிய கட்டிடங்களில் இருப்பவர்களைவிடக் கூடுதலான வெப்பநிலை வேறுபாடுகளை வசதியானவையாக ஏற்றுக்கொள்கின்றனர் என்பது 1990 களின் இறுதியில் வெளியான ஆய்வுகளால் நிறுவப்பட்டது.

மணமும் உடலசைவும்

மணம் வடிவமைப்புக்கு மிகக் குறைவாகவே கட்டுப்படுவது. அதை வரைபடத்தில் குறிக்க வழியில்லை, அளப்பதும் கடினம். சில நிமிடங்களில் மூக்கு அதற்குப் பழகிவிடுவதால், ஒரு வீட்டின் மணம் அவ்வீட்டாருக்குத் தெரியாமல் விருந்தினருக்கே தெரிகிறது. எனினும் நினைவுடன் மிக நெருங்கிய தொடர்பு கொண்ட புலன் இது. மரம், சுண்ணாம்பு, நனைந்த மண், மெழுகிய தரை என ஒவ்வொரு கட்டிடப் பொருளுக்கும் மணம் உண்டு. புதிதாகப் பூசிய நெய்வண்ணம், ஒட்டுப்பலகை, பசை ஆகியவற்றிலிருந்து வெளிவரும் ஆவிகள் சில உடல்நலத்துக்குக் கேடானவை. மூக்கு தரும் எச்சரிக்கையைப் புதுமையின் மணம் என்று பலர் தவறாகக் கொள்கின்றனர்.

உடலசைவு பற்றிய வடிவமைப்பில் மிகப் பழமையான விதிகளுள் ஒன்று படிக்கட்டு பற்றியது. 17 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பிரான்சுவா புளொண்டல், படியின் உயரத்தின் இருமடங்கையும் மிதியின் அகலத்தையும் கூட்டினால் மனிதரின் ஓர் எட்டு நடைக்குச் சமமாக இருக்கவேண்டும் என்று கூறினார். இன்று 60 முதல் 65 சென்டிமீட்டர் வரை என இது பயன்படுத்தப்படுகிறது. ஒரு வரிசையில் ஒரேயொரு படி மட்டும் ஓரிரு சென்டிமீட்டர் மாறியிருந்தாலும் கால் தடுமாறும். கண் காணாத வேறுபாட்டைக் கால் கண்டுகொள்கிறது.

பைமியோ மருத்துவமனை

பல்புலன் வடிவமைப்புக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, ஆல்ட்டோ வடிவமைத்து 1933 இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனை ஆகும். காசநோய்க்கு அப்போது மருந்து இல்லை. ஓய்வு, தூய காற்று, வெயில் ஆகியனவே சிகிச்சை. நோயாளி மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். எனவே, நிற்கும் மனிதருக்காக அன்றிப் படுத்திருக்கும் மனிதருக்காக அறையை வடிவமைக்க வேண்டும் என்று ஆல்ட்டோ தீர்மானித்தார்.

படுத்திருப்பவர் நாள் முழுதும் பார்ப்பது கூரையை. அதனால் கூரைக்கு, சுவரைவிட அடர்ந்த, கண்ணுக்கு இதமான நிறம் பூசப்பட்டது. விளக்கு படுத்திருப்பவரின் கண்ணில் நேரே படாதபடி வைக்கப்பட்டது. வெப்பமூட்டும் தகடு கூரையில் பொருத்தப்பட்டு, அதன் வெப்பம் தலையை விட்டுக் கால் பக்கம் விழுமாறு அமைக்கப்பட்டது. இரட்டைச் சாளரங்களின் இடைவெளி வழியாக வரும் குளிர்காற்று, நோயாளியின் மேல் நேரே வீசாமல், வழியில் சிறிது சூடேறி உள்ளே வந்தது. அறையில் இருவர் இருந்தனர். ஒருவர் கைகழுவும் ஓசை மற்றவரின் உறக்கத்தைக் கெடுக்காதிருக்க, நீர் சாய்வாக விழுந்து ஓசையின்றி வழியுமாறு தொட்டியின் வடிவம் அமைந்தது. கதவுக் கைப்பிடிகள், மருத்துவர்களின் மேலங்கியின் கைகள் சிக்காதபடி வளைக்கப்பட்டன. அக்காலத்தில் புதுமையாகக் கருதப்பட்ட எஃகுக் குழாய் நாற்காலிகளுக்குப் பதிலாக, வளைத்த ஒட்டுமரத்தால் ஆன நாற்காலிகள் செய்யப்பட்டன. மரம் உடலின் வெப்பத்தை உறிஞ்சிக் கொள்வதில்லை. ஒலியையும் கண்கூசும் ஒளியையும் தெறிக்கச் செய்வதில்லை.

இவற்றில் எதுவும் ஒளிப்படத்தில் சிறப்பாகத் தெரிவதில்லை. பைமியோவின் புகழ்பெற்ற படங்களில் காணப்படுபவை அதன் வெண்ணிற முகப்பும் நீண்ட மாடங்களுமே.

வால்சு நீராடற்கூடம்

சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் வால்சு என்னும் மலையூர் உள்ளது. அங்குள்ள வெந்நீர் ஊற்றைப் பயன்படுத்தி அவ்வூராரின் உள்ளூராட்சி கட்டுவித்த நீராடற்கூடம் 1996 இல் திறக்கப்பட்டது. இதை வடிவமைத்த பீட்டர் சும்தோர் ஓர் அலமாரித் தச்சரின் மகன். தாமும் அத்தொழிலைப் பயின்றவர். 2009 இல் கட்டிடக்கலைக்கான பிரிட்சுக்கர் பரிசு பெற்றார்.

கட்டிடத்தின் பாதி மலைச்சரிவுக்குள் புதைந்துள்ளது; கூரைமேல் புல் வளர்கிறது. சுவர்கள் அப்பள்ளத்தாக்கிலேயே வெட்டியெடுத்த குவார்ட்சைட்டுக் கற்பலகைகளால் ஆனவை. ஏறத்தாழ 60,000 பலகைகள் பயன்பட்டன. அவை 31, 47, 63 மில்லிமீட்டர் என மூன்று தடிப்புகளில் வெட்டப்பட்டன. மூன்றையும் எவ்வரிசையில் அடுக்கினாலும் இணைப்புச் சாந்துடன் சேர்த்து 15 சென்டிமீட்டர் ஆகும். இதனால் கொத்தனார்கள் வரிசையை மாற்றி மாற்றி அடுக்க முடிந்தது. சுவர் இயற்கையான பாறைப்படிவு போலத் தோன்றினாலும் படிகளின் உயரமும் கதவுகளின் விளிம்பும் துல்லியமாகப் பொருந்துகின்றன.

உள்ளே செல்பவர் முதலில் இருண்ட நடைவழி ஒன்றைக் கடக்கிறார். சுவரிலிருந்து நீட்டிய குழாய்களிலிருந்து ஊற்றுநீர் வடிந்து, இரும்புச் சத்தால் சுவரில் செந்நிறக் கறையை ஏற்படுத்தியுள்ளது. உடை மாற்றும் அறைகள் மெருகூட்டிய சிவந்த மரத்தால் ஆனவை. அவற்றைக் கடந்ததும் கல், நீர், நீராவி ஆகியவை மட்டுமே. நடுக்குளத்தின் நீர் 32 பாகை செல்சியசில் வைக்கப்பட்டது. அதைச் சுற்றியுள்ள பெரிய கற்றூண்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிற்றறை உண்டு. ஒன்றில் 42 பாகை வெந்நீர். ஒன்றில் 14 பாகைத் தண்ணீர். ஒன்றில் பூவிதழ்கள் மிதக்கும் நீர். ஒன்றில் ஊற்றுநீரைப் பருகலாம். இன்னோர் அறை ஒடுங்கி உயர்ந்தது. அதில் நீரில் நின்று மெல்ல முணுமுணுத்தாலும் குரல் பெருகி உடலைச் சூழ்ந்துகொள்ளும். கூரைப் பலகைகளுக்கு இடையே சில சென்டிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி இடுக்குகள் வழியே மட்டும் பகலொளி கோடாக விழுகிறது.

இங்கே ஒளியைக் குறைத்ததுதான் பிற புலன்களுக்கு இடம் கொடுத்தது. பார்க்க அதிகம் இல்லாதபோது, காது நீரின் சலசலப்பையும் தோல் ஒவ்வொரு அறையின் வெப்பத்தையும் தேடுகின்றன. கட்டிமுடித்து இரண்டே ஆண்டுகளில், 1998 இல், இது பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கப்பட்டது. 2012 இல் தனியார் முதலீட்டாளருக்கு விற்க ஊரார் வாக்களித்தனர்.

தமிழர் வாழும் பகுதிகளில்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மரபுவழிக் கட்டிடங்கள் இத்தகைய கோட்பாடு எதையும் அறிந்து கட்டப்பட்டவை அல்ல. ஆனால் வெறுங்காலுடன் நடமாடும் வழக்கம் அவற்றைத் தொடுபுலனுக்கு நெருக்கமாக வைத்திருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புடன் முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள் தொடுவதற்குக் குளிர்ச்சியானவை. ஆத்தங்குடித் தரையோடுகள் கண்ணாடியின்மேல் வார்க்கப்படுவதால் இயல்பாகவே வழுவழுப்பானவை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் முற்றம், மழையை வீட்டின் நடுவே ஒலியாகவும் மணமாகவும் கொண்டுவருகிறது. கோடையில் சாளரங்களில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பது, ஒரே செயலால் காற்றைக் குளிர்விக்கவும் மணமூட்டவும் வல்லது.

திராவிடக் கோயில்களின் அமைப்பு, திறந்த வெளிச் சுற்றிலிருந்து மண்டபங்கள் வழியாகக் கருவறையை நோக்கிச் செல்லச் செல்ல ஒளி குறைவதாக உள்ளது. கண் ஓயும் அளவுக்கு மணியோசையும் கற்பூரம், எண்ணெய், பூக்கள் ஆகியவற்றின் மணமும் காலடிக் கல்லின் தண்மையும் மேலோங்குகின்றன. திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலில், ஒரே கல்லில் செதுக்கப்பட்ட இசைத்தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரங்களை எழுப்புகின்றன. அதே கோயில்களின் வெளிச்சுற்றில் கோடை நண்பகலில் கல் கொதிக்கிறது. தேங்காய்நார் விரிப்பு இடுதல், நீர் தெளித்தல், நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுதல் ஆகியவை இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட மாற்றுகள்.

பழைய வீடுகள் எல்லாம் புலன்களுக்கு இனியவை என்று கூறிவிட முடியாது. அவற்றின் சமையலறைகள் பெரும்பாலும் இருண்டவை. விறகுப் புகை வெளியேற வழியற்றவை. முற்றத்து மழையைத் திண்ணையிலிருந்து கேட்டு மகிழ்ந்தவரும், அடுப்படியில் கண் எரிய நின்றவரும் ஒரே வீட்டினர்.

இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003) முற்றம், நீர், தாழ்ந்த கூரை, நிழல் ஆகியவற்றை நவீனக் கட்டிடங்களுக்குள் மீண்டும் கொண்டுவந்தவர். 1948 முதல் அவர் உருவாக்கிவந்த லுணுகங்கைத் தோட்டம், நடந்து மட்டுமே அறியக்கூடிய ஒன்று. எந்த இடத்தில் நின்றாலும் அதன் முழு அமைப்பும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பார்வையோ செவித்திறனோ இல்லாதோர்

பிற புலன்கள் சிலருக்கு வழிகாட்டியே அவைதாம். ஜப்பானில் செய்யிச்சி மியாக்கே 1965 இல் உருவாக்கிய புடைப்புத் தரையோடுகள், 1967 இல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீள் கோடுகள் செல்க என்றும், புள்ளிகள் நின்று கவனிக்க என்றும் காலுக்குத் தெரிவிக்கின்றன. இன்று சென்னை மெட்ரோ நிலையங்கள் உட்பட உலகெங்கும் இவற்றைக் காணலாம். மஞ்சள் நிறமாகப் பார்ப்பதற்கு அழகாகப் பதித்துவிட்டு, வழியை மின்கம்பத்திலோ கடைப்படியிலோ கொண்டுபோய் முடிக்கும் நடைபாதைகளும் நம் நகரங்களில் உண்டு. கண்ணால் மட்டும் சரிபார்க்கப்பட்ட வேலையின் அடையாளம் இது.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2007 இல் கட்டப்பட்ட ஹேசல்வுட் பள்ளி, பார்வையுடன் வேறு திறன்களும் குறைந்த குழந்தைகளுக்கானது. இதன் வளைந்த நடைவழி நெடுகிலும் தக்கை போர்த்திய சுவர் ஒன்று செல்கிறது. தக்கை இளஞ்சூடானது, கைக்கு மென்மையானது. அதைத் தடவியபடி குழந்தைகள் துணையின்றித் தம் வகுப்பறைக்குச் செல்கின்றனர். குசராத்தின் காந்திநகரில் 2021 இல் நிறைவுற்ற பார்வையற்ற குழந்தைகளுக்கான பள்ளியில், ஆனந்த் சொனேச்சா நடைவழிகளின் உயரத்தையும் அகலத்தையும் இடத்துக்கு இடம் மாற்றியுள்ளார். காலடி எதிரொலிப்பதைக் கொண்டே எங்கே நிற்கிறோம் என்பதை மாணவர்கள் அறியலாம். சுவர்ப் பூச்சின் வரிகளும் பக்கத்துக்கு ஏற்ப வேறுபடுகின்றன. முற்றங்களில் மணமுள்ள செடிகள் நடப்பட்டுள்ளன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. கொத்தனாரின் கரண்டியும் திட்டமும் போதுமாக இருந்தன.

வாஷிங்டனில் உள்ள கலோடெட் பல்கலைக்கழகத்தில், செவித்திறன் அற்றோருக்கு ஏற்ற வடிவமைப்பு நெறிகள் 2005 முதல் உருவாக்கப்பட்டன. சைகை மொழியில் பேசியபடி இருவர் பக்கத்தில் பக்கமாக நடப்பதற்கு அகன்ற வழிகள் வேண்டும். எதிரே வருபவரின் ஓசை கேட்காது என்பதால் முனைகள் கூர்மையாக இல்லாமல் வளைந்திருக்க வேண்டும். இங்கே கண்ணே செவியின் வேலையையும் செய்வதால், கண்கூசும் ஒளியும் கடுமையான நிழலும் உரையாடலுக்கே தடையாகின்றன.

அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் கிறிஸ் டவுனி 2008 இல் அறுவை மருத்துவம் ஒன்றைத் தொடர்ந்து பார்வையை முழுமையாக இழந்தார், தொழிலை விடவில்லை. வரைபடங்களைப் புடைப்பு அச்சில் எடுத்து விரல்களால் வாசிக்கிறார். தம் திருத்தங்களை மெழுகுக் குச்சிகளை வளைத்து ஒட்டிக் காட்டுகிறார்.

விமர்சனங்கள்

இவ்வணுகுமுறை வசதி படைத்தோரின் நீராடற்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் உரியதாகிவிடுகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. வணிக நிறுவனங்கள் காற்றோட்டக் குழாய் வழியே நறுமணம் செலுத்துவதையும், ஓயாத பின்னணி இசையையும் பல்புலன் வடிவமைப்பு என அழைப்பதுண்டு. இவை கட்டிடத்தின் பொருளிலிருந்தோ அதன் பயன்பாட்டிலிருந்தோ எழுவன அல்ல. புலன்களைத் தூண்டுவது எல்லோருக்கும் நன்மையும் அன்று. மதியிறுக்கம் உடையோர் பலருக்குச் சாதாரணமான ஓசையும் ஒளியுமே தாங்க முடியாதவை. அவர்களுக்கான நல்ல வடிவமைப்பு, ஒலி அடங்கிய, ஒளி மிதமான, ஒதுங்கியிருக்க இடம் தரும் வடிவமைப்பாகும். ஒருவருக்கு இனிய மணம் மற்றொருவருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்.

மற்றொரு சிக்கல் நடைமுறை சார்ந்தது. கட்டிடத்தின் ஒலியைக் கட்டுமுன்னரே கணினி மூலம் கேட்டுப் பார்க்கும் வசதி இப்போது உண்டு. வெப்பத்தையும் காற்றோட்டத்தையும் கணித்துவிடலாம். தொடுகைக்கும் மணத்துக்கும் இன்றும் பொருளின் மாதிரித் துண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதும், முழு அளவில் ஓர் அறையின் மூலையையேனும் கட்டிப் பார்ப்பதும் தவிர வேறு வழி இல்லை. ஒப்பந்தங்களில் பெரும்பாலும் முதலில் வெட்டப்படும் செலவு இந்த மாதிரிக் கட்டுமானத்தின் செலவே.